பிள்ளைகளுக்கு உபாயம் கற்பித்தல்

கற்றதை ஒப்பித்தல் வேறு; முன் கண்டறியாத இடர் நேர்ந்தவிடத்து அதனை நீக்கும் வழி காணுதல் வேறு. முன்னது நினைவின் வலி, பின்னது உபாயவறிவு. நம் வித்தியாசாலைகளிலே முன்னதே பெரிதும் பயிற்றப்படுகின்றது. இக்குறை நம்மிடத்தும் இருந்ததென முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நாம் மிசன் பாடசாலையொன்றிற் கற்றோம். வினாவுக்குரிய விடையைப் பிழையற ஒப்பிப்பவனே அங்கு நன்மாணாக்கன். பின்பு புறக்கோட்டையிலே ஆசிரியராயினபொழுது நாமும் அவ்வாறே கற்பித்தோம். ஒருநாள் வகுப்பிலே ஒரு தராசும், 5 கிலோப் படிக்கல் ஒன்றும், 2 கிலோப் படிக்கல் ஒன்றும் வைத்து, “இவற்றால் 3 கிலோ அரிசி நிறுக்கலாமா?” என்று வினாவினோம். “இயலாது” என்பதே நாம் எதிர்பார்த்த விடை. நான்காங் குறுக்குத் தெருக் கடையொன்றில் வேலைசெய்பவர் மகனொருவன் எழுந்து, 5 கிலோக் கல்லை ஒரு தட்டிலும், 2 கிலோக் கல்லை அரிசியோடு மற்றைத் தட்டிலும் வைத்தான். “அரிசித் தட்டிலே கல் வைப்பதா?” என்று கடிந்து அவனை இருத்தினோம். மாலையிலே தனித்திருந்து எண்ணியபோதே அவன் செய்தது சரியென்று தெளிந்தோம். கல்லும் அரிசியும் சேர்ந்து 5 ஆயின், அரிசி 3 அன்றோ! மறுநாள் வகுப்பின் முன்னே நம் பிழையைச் சொன்னோம். ஆயினும் அப்பிள்ளை பின்பு பலமாதம் கையுயர்த்திலன். சுடுசொல் ஒன்று மூடிய கதவைத் திறத்தல் எளிதன்று.

ஆறுமுகநாவலரவர்கள் சரித்திரம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1822 இற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைசெய்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிள்ளைகளுக்கேற்ற அச்சுப் புத்தகம் வேண்டியிருந்தது. அதன்பொருட்டு 1849 இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். வினாவிடை முறையையே கொண்டு சைவவினாவிடை இயற்றினார். பிறரிடத்துக் கண்ட கருவியைத் தம் தேவைக்குத் திருப்பியமையே அவர் உபாயம். கல்லை மறுதட்டில் வைத்த சிறுவன் செய்ததும் இதுவே.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கவை வருமாறு:

முதலாவது, கடை, வீடு, வீதி என்பவற்றிலே மெய்யாக நேருமோர் இடரை, வழி கூறாது பிள்ளைகள் முன் வைத்தல்.

இரண்டாவது, கையிலுள்ளது யாது, வேண்டுவது யாது என்பவற்றை அவர்கள் தம் சொல்லாற் கூறச்செய்தல்.

மூன்றாவது, தவறான வழியாயினும் கடியாது, அதனைத் தாமே செய்து சோதிக்கவிடுதல்.

நான்காவது, விடை கிடைத்தபின், “வேறு வழியுண்டோ?” என வினாவுதல்.

மேற்கூறிய கற்களாலேயே 1 கிலோ நிறுக்குமாறு கேட்க. முன் நிறுத்த 3 கிலோவினின்று 2 கிலோவை நிறுத்து நீக்கினால் எஞ்சுவது 1 கிலோவாம். ஆசிரியர் இதனைச் சொல்லிவிடாது பொறுத்திருத்தல் வேண்டும்.

இதுகொண்டு வாய்பாட்டை மனனஞ்செய்தல் வேண்டாவென்று கருதற்க. வாய்பாடில்லாதவன் கல்லில்லாத வணிகன். உபாயமில்லாதவனோ, கல்லிருந்தும் நிறுக்கவறியாதவன். ஆசிரியர்காள்! பிள்ளையின் விடை நும் விடையோடு ஒவ்வாதபோது, கடியுமுன்னே ஒருமுறை தராசைப் பாருங்கள்.