பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

எழுத்தாளர் போனால் புத்தகம் இருக்கும். மேடைக் கலைஞர் போனால்? பழுப்பேறிய நாலு நோட்டீஸ், ஒரு பாட்டுப் புத்தகம், கூட நடித்த ஒருவரின் ஞாபகம். அந்த ஞாபகத்துக்கும் எண்பது வயது ஆகியிருக்கும். நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டு வரும் இளையவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• வயதானவர்களை முதலில் போய்ப் பாருங்கள். நூலகம் அடுத்த மாதமும் இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய ராஜபார்ட் நடிகரிடம் பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தேன். போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் பாடிய வள்ளி திருமணம் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

• எந்த வருஷம் என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். எதை ஒட்டி நடந்தது என்று கேளுங்கள். "தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்றால் பளிச்சென்று பதில் வரும், அது 1964 டிசம்பர். "எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது காரைக்குடியில் முகாம்" என்றால் 1967 ஜனவரி.

• பேச்சு ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நோட்டீஸில் தேதி, கொட்டகை, டிக்கெட் விலை எல்லாம் இருக்கும். அதைவிட முக்கியம், யார் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்பது. பத்து நோட்டீஸை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒருவர் பெயர் மேலே ஏறியதும் பிறகு சிறுத்துக் கீழே இறங்கியதும் தெரியும். அவர் வாயால் சொல்லாத கதை அது. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை என்ற குறையை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

• அரசாங்கக் காகிதங்களைத் தேடுங்கள். நாடகங்களை அடக்க 1876இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சட்டம், தன்னை அறியாமல் நமக்கு ஓர் உதவி செய்தது. நாடக நடிகர் விசுவநாததாஸ் போன்றவர்கள் மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காகக் கைதானார்கள். ரசிகர்கள் குறித்துவைக்காததைப் போலீஸ் குறித்துவைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் நடக்க அலுக்காதீர்கள்.

• முன்னோடிகளைப் படியுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். மாணவர் உ.வே.சா. அவர் வரலாற்றின் முதல் பாகத்தை வெளியிட்டது 1933இல். 57 ஆண்டு! ரகுநாதனோ புதுமைப்பித்தன் மறைந்த மூன்றே ஆண்டில், 1951இல், வரலாற்றை எழுதி முடித்துவிட்டார். முன்னதில் பொறுமையைக் கற்கலாம், பின்னதில் சூடு ஆறுவதற்குள் எழுதும் துணிச்சலை. டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யைக் கையோடு வைத்திருங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் 1918இல் சிறு பிள்ளையாகச் சேர்ந்தவர் எழுதியது. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி உலகை உள்ளிருந்து காட்டுகிறது.

செய்யக்கூடாதவை

• ஊர் சொல்லும் சாவுக்கதையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரதியாரை யானை மிதித்துக் கொன்றது என்று இன்னும் பிள்ளைகள் சொல்கிறார்கள். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் பிழைத்தார். 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் போய்ச் சொற்பொழிவும் செய்தார். செப்டம்பரில் உயிரைப் பறித்தது வயிற்றுக்கடுப்பு. நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால்தான் 11ஆ 12ஆ என்ற குழப்பம். கதை எவ்வளவு அழகோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

• ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் காதலோடு முடித்துவிடாதீர்கள். பாடகி, நடிகை கே.பி. சுந்தராம்பாள் என்றதும் அவர் காதலித்து மணந்த நடிகர் கிட்டப்பா என்று ஆரம்பித்து, அவர் 1933இல் இறந்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அதன்பின் அந்த அம்மாள் 47 ஆண்டு வாழ்ந்தார். 1935இல் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்து, அந்தக் காலத்திலேயே ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். 1951இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் ஔவையாராக வந்தார். கிட்டப்பா இறந்தபின் அவர் உடுத்திய வெள்ளைச் சேலையை மட்டும் எழுதினால் இத்தனையும் மறைந்துபோகும்.

• கேட்காத பேச்சை இட்டுக்கட்டி மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

• ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்ட ஆண்களைப் பற்றிக் கேலித் தொனியில் ஒரு வரிகூட வேண்டாம். குரல் உடைந்த மறுநாளே வேடம் பறிபோன பையன்கள் அவர்கள்.

• குடும்பத்தாருக்குப் பயந்து உண்மையை விழுங்காதீர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டும் எழுதாதீர்கள். இங்கிலாந்தில் மைக்கேல் ஹோல்ராய்ட், எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சியின் வரலாற்றை 1967, 68இல் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். பின்னாளில் பெர்னார்ட் ஷாவையும், நடிகை எலன் டெரியையும் ஹென்றி இர்விங்கையும் எழுதியவர் இவர்தான். ஸ்ட்ரேச்சியின் தம்பி ஜேம்ஸ் கைப்பிரதியைப் படித்துவிட்டுப் பல இடங்களில் மறுத்தார். ஹோல்ராய்ட் தன் வரிகளையும் விடவில்லை, தம்பியின் மறுப்பையும் ஒதுக்கவில்லை. அவற்றை அடிக்குறிப்பில் போட்டார். "அப்பா குடித்ததை எழுதாதீங்க ஐயா" என்று ஒரு நடிகரின் மகள் என்னிடம் கேட்டபோது எனக்கு வழிகாட்டியது இதுதான். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அழுதார். பிறகு, அப்பா எதனால் குடிக்க ஆரம்பித்தார் என்று அவரே சொல்லத் தொடங்கினார். அது இரண்டு பக்கம் வந்தது.