நம்பிக்கைகளும் உண்மைகளும்: அலகு குத்துவோரும் உறக்கத்தில் நிற்கும் இதயமும்

தைப்பூசத்தன்று கன்னத்திலும் நாவிலும் அலகு தாங்கிப் பத்துமலையின் 272 படிகளை ஏறுவோருக்குப் பிறவியிலேயே வலி தெரியாது என்பது படித்தவர் சிலரிடமும் வழங்கும் நம்பிக்கையாகும். வலி நரம்பின் உறையில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை உருவாக்கும் எஸ்.சி.என்.9ஏ மரபணுவின் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் ஒருங்கே செயலிழந்தால் வலி அறவே தோன்றாது என்பதை, வட பாகிஸ்தானின் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதற்குத் தூண்டுகோலான சிறுவன், கையில் கத்தியைச் செருகியும் தணல்மேல் நடந்தும் தெருவில் வித்தை காட்டியவன். பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்தான். அந்த அறுவருக்கும் உதட்டிலோ நாவிலோ தாமே கடித்துக்கொண்ட காயங்கள் இருந்தன. இந்தச் சோடியம் வாயில் செயல்படாதோருக்கு மணமும் தெரியாது என்பது 2011இல் தெளிவாயிற்று. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகையையும் சன்னிதியில் கற்பூரத்தையும் நுகர்ந்தறியும் காவடிக்காரரை அவர்களோடு சேர்ப்பதற்கில்லை. விரதத்தாலும் வழிபாட்டாலும் ஒருமுகப்பட்ட மூளை, தனக்கு வரும் வலிச் செய்தியைத் தணிக்கிறது எனக் கொள்வதே பொருத்தம்; பக்தர் அருள் என்று சொல்வதை இவ்விளக்கம் மறுக்கவுமில்லை, மெய்ப்பிக்கவுமில்லை.

நோய்நொடியற்ற இளைஞர் உறக்கத்திலேயே இறந்தால் பழி அமுக்குவான் பேய்மீது விழுகிறது. ஆனால் அப்பேயின் வேலை எனக் கருதப்படும், விழித்தும் உடல் அசையாமல் மார்பு அழுந்துவதாகத் தோன்றும் உறக்க முடக்கம் உயிரைப் பறிப்பதில்லை. தென்கிழக்காசிய ஆடவரிடம் கூடுதலாகக் காணப்படும் இத்தகைய மரணங்கள் பலவற்றுக்குக் காரணம், 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த இதயத் துடிப்புக் கோளாறாகும். இதயத் தசையின் சோடியம் வாயிலை உருவாக்கும் எஸ்.சி.என்.5ஏ மரபணுவோடு இதற்குள்ள தொடர்பு 1998இல் கண்டறியப்பட்டது. எனினும் நோயாளிகள் பெரும்பாலோரிடம் அம்மரபணுவில் மாற்றம் காணப்படாததால், மரபணுச் சோதனையில் குறையில்லை என்பதைக் கொண்டு நோயில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. காய்ச்சல் இக்கோளாற்றை வெளிக்கொணரக்கூடும் என்பதால், இந்நோயுள்ளவர் காய்ச்சலைப் பனடோல் போன்ற மருந்தால் உடனே தணித்து, ஈசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

வலிக்கான மருந்துக்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை என்பதும் தவறே. கிள்ளானில் பல் பிடுங்குமுன் ஈறில் ஏற்றப்படும் லிடோகைன், சோடியம் வாயில்களை அடைத்து மரத்துப்போகச் செய்கிறது. அதே மருந்து இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும்போது இதயக் கீழறையின் தாறுமாறான துடிப்பை அடக்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சுசெட்ரிஜின், இதய வாயிலைத் தொடாமல் வலி நரம்புகளுக்குரிய வேறொரு வாயிலை மட்டும் குறிவைப்பது இதனால்தான்.