உடைந்த மாதிரி விமானமும் திருப்புத்திறனும்

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடுவதும் ஒரு பயிற்சி. ரேடியோ விமானம் விழுந்து வால் உடைந்தால், ஒட்டியதுமே வேலை முடிந்ததாக மாணவர்கள் எண்ணுவார்கள். ஆனால் பசையின் எடை ஈர்ப்பு மையத்தைப் பின்னோக்கி நகர்த்துகிறது. விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து மீண்டும் விழும்.

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தும்போது இதையே கணக்காகத் தரலாம். சமநிலைப் புள்ளிக்கு 60 செ.மீ. பின்னால், வாலில் 5 கிராம் பசை கூடியது. 20 செ.மீ. முன்னால், மூக்கில் எவ்வளவு எடை சேர்க்க வேண்டும்?

5 × 60 = 300; 300 ÷ 20 = 15 கிராம்.

வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம்! எனவே வாலில் பசையை மெல்லியதாகவே பூச வேண்டும்.

செய்து பார்க்கத் தெர்மாகோல் கிளைடர் போதும். சில பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசை ஏற்றது. காய்ந்ததும், நேரான இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இருபுறமும் விரல் நுனியால் தாங்கச் சொல்லுங்கள். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண் சேர்த்துச் சமன்செய்யட்டும், பிறகு எறியட்டும்.

1903 டிசம்பர் 14 அன்று ரைட் சகோதரர்களின் விமானமும் மூக்கு அதிகம் தூக்கியதால் விழுந்து சேதமடைந்தது. பழுதுபார்த்து, 17 அன்று பறந்தார்கள். இதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.