ஆய்வுக்கூடக் கதிரியக்கமும் ஆலைக் கழிவும் ஒன்றா?

கேள்வி: கெபேங்கில் அரிய மண் உலோகங்களைப் பிரிக்கும் லைனாஸ் ஆலையின் கழிவைப் பற்றிப் பல வருடமாகப் பத்திரிகையில் படிக்கிறோம். இப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் என் மகள், தாதுவிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆய்வில் கதிரியக்கப் பொருளைச் சேர்க்கப்போவதாகச் சொல்கிறாள். இருக்கிற கதிர்வீச்சு போதாதா? பயமாக இருக்கிறது, ஐயா.

– ஒரு தாய், கோலா தெர்லா, கேமரன் மலை

பதில்: இரண்டும் வேறு வேறு, அம்மா. லைனாஸ் கழிவில் பேசப்படுவது தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். யாரும் சேர்த்ததல்ல, ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவோடு இயற்கையாகவே வருவது. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-ல் தொடங்கி 1994-ல் மூடப்பட்ட அரிய மண் ஆலையிலும் சிக்கல் தோரியம்தான்.

உங்கள் மகள் சேர்ப்பது தடங்காட்டி, அதாவது ஓர் உலோகம் எங்கே போகிறது என்று காட்டும் கதிரியக்கப் பொருள். அரிய மண் உலோகங்கள் குணத்தில் ஒன்றையொன்று ஒத்தவை, பிரிப்பது கடினம். தாதுவை அமிலத்தில் கரைத்து, உலோகத்தைப் பற்றும் வேதிப்பொருள் கலந்த மண்ணெண்ணெயோடு குலுக்குவார்கள். எந்த உலோகம் எண்ணெய்க்கு எவ்வளவு தாவியது என்பதே கேள்வி. மந்தையில் ஓர் ஆட்டுக்கு மணி கட்டுவதுபோல, கரைசலில் அரிய மண் உலோகமான யூரோப்பியத்தின் கதிரியக்க வடிவம், யூரோப்பியம்-152, மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். சாதாரண யூரோப்பியம் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். இரண்டு அடுக்கிலிருந்தும் ஒரு மில்லி எடுத்துக் காமா கதிரை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும்.

இந்த வழி புதிதல்ல. ஈயத்தின் கதிரியக்க வடிவமான ரேடியம்-டியைச் சாதாரண ஈயத்திலிருந்து பிரிக்க முயன்று தோற்ற வேதியியலாளர் ஹெவெசி, பிரிக்க முடியாததையே அடையாளமாக்கினார். 1913-ல் சக வேதியியலாளர் பானெத்துடன் சேர்ந்து, கரையவே கரையாததுபோல் தோன்றும் ஈய உப்புகள் எவ்வளவு கரைகின்றன என்று அளந்தார். 1943-க்கான வேதியியல் நோபல் பரிசு ஹெவெசிக்குக் கிடைத்தது.

ஆலைத் தொட்டிகளில் தாதுக்குழம்பு எங்கே தேங்குகிறது என்று பார்க்க லாந்தனம்-140 என்ற தடங்காட்டி பயன்படும். நாற்பது மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகி, 17 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் எல்லாத் தடங்காட்டியும் சீக்கிரம் மறைவதில்லை. யூரோப்பியம்-152 பாதியாகவே பதின்மூன்றரை ஆண்டு ஆகும். அளவு சிறிதென்பதற்காகக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. ஆகவே மகளிடம் மூன்று கேளுங்கள்: ஆய்வுக்கூடத்துக்கு 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் உண்டா? கதிர்வீச்சு அளவு காட்டும் பேட்ஜ் தருகிறார்களா? மிச்சக் கரைசல் எங்கே போகிறது? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், தைரியமாக அனுப்பிவையுங்கள்.