வீட்டுத் தோட்டத்தில் நை மிளகாய்

லயத்துக்குப் பின்னால் பத்து நை மிளகாய்ச் செடி நின்றால், கறிக்கு உறைப்பு தேடி கடைக்குக் கடன் சொல்லிப் போக வேண்டியதில்லை. கன்று விலைக்கு வாங்கவும் தேவையில்லை. விதையிலிருந்தே நாம் உண்டாக்கலாம்.

நோயில்லாத செடியில், நன்றாகப் பழுத்த காயைப் பறித்து விதை எடுங்கள். அப்போது கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ள வேண்டும். எரிச்சல் பிடித்தால் வெறும் தண்ணீருக்கு அடங்காது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விதையை ஒரு வாரம் நிழலில் காயப் போடுங்கள்.

மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையில் நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் விதையைப் போடுங்கள். மருந்து வந்த டின் மட்டும் வேண்டாம், எத்தனை தரம் கழுவியிருந்தாலும் சரி. நுவரெலியா பக்கக் குளிரில் முளைக்க மூன்று வாரமும் ஆகும். அதற்குள் கிளறிப் பார்க்கக் கூடாது. இரவில் கோப்பைகளை அடுப்படிச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் முளைக்கும். முளைத்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்திட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நாமே ஒரு தடவை ஏமாந்தோம். ஆசையில் மூன்று வேளையும் ஊற்றியதில், கன்றுகள் அடித்தண்டு அழுகி ஒரே இரவில் சாய்ந்துபோச்சு. மேல்மண் காய்ந்த பிறகு, காலையில் தெளித்தால் போதும்.

ஆறு இலை வந்ததும், மாலை நேரத்தில், இரண்டடி இடைவெளியில் நடுங்கள்.

நடுகிற இடம்தான் முக்கியம். ஓர் அம்மா நம்மிடம் வந்து, "ஐயா, தண்ணி ஊத்த ஊத்த வாடுதே" என்று அழாத குறையாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், அதே பாத்தியில் முந்தின போகம் உருளைக்கிழங்கு. வாடிய தண்டை வெட்டி கிளாஸ் தண்ணீரில் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கியது. இது பக்டீரியா வாடல். இதற்கு மருந்து கிடையாது, கடையில் எதைக் கொடுத்தாலும் காசுதான் வீண். செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். அந்த மண்ணில் சில வருஷம் இவற்றை நடாமல் சோளமோ கோவாவோ போடுங்கள். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் பக்கத்துப் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.