பிரஸ் ஷாப்பிலிருந்து பயிற்சி முகாமுக்கு

கேள்வி: ஒரகடத்தில் பிரஸ் ஷாப் வேலை, டெரிட்டோரியல் ஆர்மியிலும் இருக்கிறேன். வருடாந்திரப் பயிற்சிக்கு உடம்பை எப்படித் தயாராக வைத்துக்கொள்வது?

பதில்: பிரஸ் ஷாப் இரைச்சலில் வேலை செய்கிறீர்கள், அதனால் முதலில் காதைப் பாருங்கள் தம்பி. ராணுவத்தின் ‘ஷேப்’ அளவுகோலில் மனநலம், செவி, கைகால், உடல்நிலை, பார்வை என ஐந்திலும் தரம் 1 இருந்தால்தான் முழுத் தகுதி. ஓட்டத்தில் விட்டதைப் பயிற்சியில் பிடிக்கலாம். இரைச்சலில் செத்த செவி உணர்செல் திரும்ப முளைக்காது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதி அனுமதிக்கும் உச்சம். அதனால் வேலையின்போது காதில் நுரை அடைப்பான் போடுங்கள். அதை விரலால் மெல்லிசாக உருட்டி, காதை மேலே இழுத்துச் செருகி, உப்பும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஷிப்ட் முடிந்தும் ‘ஙொய்’யென்று கேட்டால் உடனே ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுங்கள். சொத்தைப் பல்லையும் இப்போதே அடைத்துவிடுங்கள். முகாமில் பல்வலி வந்தால் தாங்காது.