முதல் மூன்று நாள்கள்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்யத் தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாமில், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில் அமைந்துள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் மேல்மாடிகளுக்கும் கூரைகளுக்கும் ஏறினர். மின்சாரம் தடைபட்டது, கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரே நேரத்தில் பல இடங்கள் மூழ்கியதால் மீட்புப் படையினரால் எல்லா இடங்களுக்கும் உடனே சென்று சேர இயலவில்லை. ஒரு நாளுக்கும் மேலாக உதவிக்குக் காத்திருந்தவர்களும் உண்டு.

அந்த வேளையில் அண்டை வீட்டாரும் தன்னார்வலர்களும் களத்தில் இறங்கினர். படகு வைத்திருந்தவர்கள் படகோடு வந்தனர். வழிபாட்டு இல்லங்களின் சமையற்கூடங்களில் உணவுப் பொட்டலங்கள் தயாராயின. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய ‘கித்தா ஜாகா கித்தா’, அதாவது ‘நம்மை நாமே காப்போம்’ என்ற முழக்கம் மீண்டும் எங்கும் ஒலித்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஏற்பட்ட வெள்ளத்தால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் இழப்பு ஏற்பட்டதாகப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. பணத்தால் அளக்க முடியாத உயிரிழப்புகளும் நேர்ந்தன.

இந்நிகழ்வு ஒரு கேள்வியை எழுப்புகிறது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை ஒரு குடியிருப்புப் பகுதி தன்னைத் தானே தாங்கி நிற்க முடியுமா?

தற்சார்பு என்றால் என்ன?

தனக்கு வேண்டியவற்றைத் தானே நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலே தற்சார்பு எனப்படும். எனினும், இக்காலத்து நகரக் குடியிருப்பு எதுவும் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொள்ள முடியாது. மருந்தையும் மின்சாரத்தையும் தானே உருவாக்கிக்கொள்ளவும் முடியாது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மலாயா மக்கள் வீட்டைச் சுற்றி மரவள்ளிக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைத்தனர். இன்று அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் வாழ்பவருக்கு அத்தகைய நிலம் இல்லை.

ஆகவே, நகரத்தில் தற்சார்பு என்பது உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்வதன்று. பேரிடர் நேர்ந்த முதல் மூன்று நாள்களுக்கு, அதாவது 72 மணி நேரத்திற்கு, யாரும் பசியாலும் தாகத்தாலும் கவனிப்பாரின்றியும் துன்புறாதபடி ஒரு குடியிருப்பு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதே ஆகும்.

சாலாக் செலாத்தான் தரும் பாடம்

கோலாலம்பூரின் தென்பகுதியிலுள்ள சாலாக் செலாத்தானுக்கும் திட்டமிடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று இங்குள்ளது. அன்று நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மக்கள் இடம் மாற்றப்பட்டு, வேலியிடப்பட்ட கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அத்திட்டத்தை வகுத்தவர்கள் அதிகாரிகள். அங்கு வாழப்போகும் மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

இன்று இவ்வட்டாரத்தில் மற்றொரு பெருந்திட்டத்தின் எல்லையும் அமைந்துள்ளது. கோலாலம்பூரின் நடுப்பகுதியை வெள்ளத்திலிருந்து காக்க 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதையின் நீளம் 9.7 கிலோமீட்டர் ஆகும். மழை குறைவாக உள்ள நாள்களில் அதன் நடுப்பகுதியில் வாகனங்கள் ஓடுகின்றன. வெள்ளம் மிகும்போது சாலை மூடப்பட்டு, சுரங்கம் முழுவதும் நீருக்குத் திறந்துவிடப்படுகிறது. கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் திருப்பப்படும் நீர், சாலாக் செலாத்தானுக்கு அருகிலுள்ள தாமான் டேசா குளத்தை அடைந்து கெராயோங் ஆற்றில் கலக்கிறது.

இது பொறியியலின் அரிய சாதனை. ஆயினும், எவ்வளவு பெரிய சுரங்கமும் ஒவ்வொரு தெருவின் வடிகாலையும் காக்க இயலாது. நான்காவது வீட்டில் தனியே வாழும் மூதாட்டியால் படியேற முடியாது என்பதும் சுரங்கத்திற்குத் தெரியாது. அதை அண்டை வீட்டாரே அறிவர்.

அண்டை வீட்டாரை அறிதல்

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே வட்டாரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களுள் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. நிலநடுக்கம் தொடங்கிய இடத்திற்கு அருகே, ஆவாஜி தீவிலிருந்த ஹொக்குடான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பேர் இடிபாடுகளுக்குள் சிக்கினர். அவ்வூர்த் தன்னார்வத் தீயணைப்பாளர்களுக்கு யார் வீட்டில் யார் எந்த அறையில் உறங்குவார் என்பது தெரிந்திருந்தது. ஆகவே, தேடும் பணி அன்றே நிறைவடைந்தது.

இதனால்தான் அவசரகாலத் திட்டத்தின் முதல் பணியாக ஆள்கணக்கெடுப்பு அமைய வேண்டும். தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தை உள்ள குடும்பங்கள், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் ஆகியோரின் பட்டியல் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அண்டை வீட்டார் பொறுப்பேற்க வேண்டும். அத்துடன், மருத்துவர், தாதியர், மின்பணியாளர், லாரி ஓட்டுநர் என ஒவ்வொருவரின் திறனையும் குறித்து வைக்கலாம். 1975ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பு இப்பணிக்கு ஏற்றது. தனிப்பட்ட விவரங்கள் பிறர் கையில் சிக்காதவாறு பட்டியலைக் காப்பதும் அதன் கடமையாகும்.

நீரும் உணவும்

வெள்ளம் மட்டுமே பேரிடர் அன்று. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூர் ஆற்று நீர் மாசடைந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 இலட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. வாளிகளுடன் மக்கள் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றனர்.

பேரிடர் உதவிக்கான அனைத்துலக நெறிமுறைப்படி, ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தூய்மை பேணவும் நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் தேவை. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாள்களுக்கு 225 லிட்டர் நீர் வேண்டும். இதைச் சேமிப்பது கடினமன்று. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 80 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,600 லிட்டர் நீரைப் பெறலாம். மழைநீர்த் தொட்டியை வலையால் மூட வேண்டும். இல்லையெனில் ஏடிஸ் கொசு பெருகிவிடும். அந்நீரைக் கழுவுவதற்குப் பயன்படுத்தி, குடிநீரைத் தனியே மூடிய கலன்களில் சேமிப்பது நல்லது.

உணவைப் பொறுத்தவரை, ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்ற பழமொழியே வழிகாட்டி. ஒரே நாளில் கடையைக் காலி செய்வதைவிட, வாரந்தோறும் ஒரு பொருளைக் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் பயன்படுத்திவருவது சிறந்தது. பொது மண்டபம் அல்லது ஆலய மண்டபத்தில் பெரிய பாத்திரங்களும் எரிவாயுக் கலன்களும் இருந்தால், அங்கேயே பொதுச் சமையற்கூடத்தை அமைத்துவிடலாம். அம்மண்டபம் மேட்டுப் பகுதியில் உள்ளதா என்பதை மட்டும் முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

கூட்டுத் தோட்டங்களும் துணை புரியும். பங்சாரில் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே கிடந்த நிலத்தில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கெபுன் கெபுன் பங்சார்’ இதற்குச் சான்று. இத்தகைய தோட்டங்களின் விளைச்சல் ஒரு வட்டாரத்தின் பசியைப் போக்கிவிடாது. ஆனால், வாரந்தோறும் மண்வெட்டியோடு கூடி உழைப்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றனர். பேரிடர் வேளையில் கீரையைவிட இந்நெருக்கமே பெரிதும் உதவும்.

எச்சரிக்கையும் இளையோர் பங்கும்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை மழையின் கடுமைக்கேற்ப மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. ஆறுகளின் நீர்மட்டம் வழக்கநிலை, கவனநிலை, எச்சரிக்கைநிலை, அபாயநிலை என நான்கு நிலைகளாக அறிவிக்கப்படுகிறது. எந்த நிலையில் வாகனங்களை நகர்த்துவது, எப்போது முதியோரை வெளியேற்றுவது என்பதை மழை இல்லாத நாளிலேயே முடிவு செய்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

இதில் மாணவர்களின் பங்கு சிறிதன்று. எச்சரிக்கைச் செய்திகளைப் படித்துத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் விளக்கலாம். தங்கள் தெருவின் வரைபடத்தில் மேட்டுப் பகுதி, தாழ்வான பகுதி, அடைபட்ட வடிகால் ஆகியவற்றைக் குறிக்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத பையில் வைக்கக் குடும்பத்தாருக்கு நினைவூட்டலாம். ஆபத்து நேரும்போது 999 என்ற எண்ணை அழைத்துத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெளிவாகக் கூறவும் பழகலாம்.

முன்கூட்டியே தன்னைக் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வு நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போர் போன்றது என எச்சரிக்கிறார் திருவள்ளுவர். இது தனிமனிதனுக்கு மட்டுமன்றி ஊருக்கும் பொருந்தும். வெள்ளம் வருவதைத் தடுப்பது ஒரு தெருவின் கையில் இல்லை. ஆனால், வெள்ளம் வரும் நாளில் அத்தெருவில் யாரும் மறக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அங்கு வாழ்பவர்களின் கையில்தான் உள்ளது.

சிந்தித்துக் கூறுக

1. நகரக் குடியிருப்பின் தற்சார்பு என எது கருதப்படுகிறது?
2. ஹொக்குடானில் தேடும் பணி அன்றே நிறைவடையக் காரணம் யாது?
3. உங்கள் குடும்பத்திற்கு மூன்று நாள்களுக்குத் தேவைப்படும் நீரின் அளவைக் கணக்கிடுக.
4. உங்கள் குடியிருப்பில் பேரிடர் வேளையில் முதலில் உதவி தேவைப்படுவோர் யாவர்? அவர்களுக்கு எவ்வாறு உதவலாம்?